ஒத்த ரூவா காசுக்கு ஒரு வக்காலத்து

அமெரிக்காக்காரன் ஒரு சென்ட் காசு அடிக்கிறதை நிறுத்திட்டான். 1793-லேர்ந்து அடிச்சுக்கிட்டு வந்த காசு. 2025 நவம்பர் 12-ஆம் தேதி பிலடெல்பியா நாணயச் சாலையில, புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடிச்சு எடுத்து மங்களம் பாடிட்டாங்க. காரணம் சிம்பிள். 2024 நிதியாண்டுக் கணக்குப்படி ஒரு சென்ட் அடிக்க ஆன செலவு 3.69 சென்ட். அந்த ஒரு வருஷத்துல மட்டும் எட்டரைக் கோடி டாலர் நட்டம்.

இது போதாதா நம்ம ஆளுங்களுக்கு? அன்னிக்கு சாயங்காலமே எங்க வாட்ஸப் குரூப்புல ஆரம்பிச்சுட்டாய்ங்க. "நம்ம ஒரு ரூபாய் காசை அடிக்க 1 ரூபாய் 11 பைசா ஆகுது. மக்கள் வரிப்பணம் பாழ். உடனே நிறுத்து!" கீழே கும்பிடுற கை பத்து, தேசியக் கொடி மூணு.

சேதி பொய்யில்லை. 2018-ல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கின கணக்கு அது. ஒரு ரூபாய் காசுக்கு 1.11, ரெண்டு ரூபாய்க்கு 1.28, அஞ்சு ரூபாய்க்கு 3.69, பத்து ரூபாய்க்கு 5.54. (அவங்க சென்ட்டுக்கும் 3.69, நம்ம அஞ்சு ரூபாய்க்கும் 3.69. சோசியம் பாக்குறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க :-))

ஆனா அந்த வாட்ஸப் சேதி முதல் வரியை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்ச மூணையும் விட்டுருச்சு. அந்த மூணையும் சேர்த்துப் பாத்தாத்தான் கணக்கு புரியும்.

ஒரு பேச்சுக்கு, ஒரு ரூபாய் காசு நூறு கோடி அடிக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். காசுக்கு 11 பைசா நட்டம், ஆக மொத்தம் 11 கோடி ரூபாய். அதே நூறு கோடி பத்து ரூபாய் காசு அடிச்சா? காசுக்கு 4.46 லாபம், 446 கோடி. ரெண்டு ரூபாய் காசுல கூட 72 பைசா நிக்குது. ஆக காசு அடிக்கிற தொழில்ல சர்க்காருக்கு நட்டமே கிடையாது. நாலு பிள்ளைகள்ல ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொஞ்சம் செலவு வைக்குது, அவ்வளவுதான். அதுக்காகக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவாங்களா?

இன்னொண்ணு. காசு ஒரு தடவை சாப்பிட்டுத் தூக்கிப் போடுற மிட்டாய் இல்லை. இன்னிக்கு என் பையில இருக்குற ஒரு ரூபாய்கள்ல 1990-கள்ல அடிச்சதும் இருக்கு. இத்தனை வருஷத்துல எத்தனை கல்லா ஏறி இறங்கியிருக்கும்! அவ்வளவு உழைப்புக்கு 11 பைசா கூடச் செலவாச்சுன்னா அது பெரிய வீண் செலவுன்னு எனக்குத் தோணலை. 2015-ல ஒரு ரூபாய் நோட்டை மறுபடி வெளியிட்டாங்களே, நெனவிருக்கா? 1994-ல நிறுத்தினதைத் தூசி தட்டி எடுத்து அச்சடிச்சாங்க. ஒரு நோட்டுக்கு 1.14 ஆச்சுன்னு அந்த வருஷமே தகவல் வந்துச்சு. கிழிஞ்சு போற காகிதத்துக்கு 1.14, தலைமுறைக்கும் நிக்கிற எஃகுக்கு 1.11. எது ஊதாரித்தனம்னு நீங்களே சொல்லுங்க.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிடணும், இல்லேன்னா ஓரவஞ்சனை ஆயிரும். காசு சாகறது நமக்குப் புதுசு ஒண்ணும் இல்லை. ரெண்டாம் உலகப் போர் சமயம் செம்பு மிச்சம் பிடிக்கத்தான் நடுவுல ஓட்டை போட்டுக் காலணா அடிச்சான் வெள்ளைக்காரன். 'ஓட்டைக் காலணா' இன்னிக்கு வரைக்கும் திட்டுறதுக்கு உதவுது. 1957 ஏப்ரல் 1-ல பதினாறணா போயி நூறு நயா பைசா வந்துச்சு. அப்புறம் அலுமினியத்துல ஒரு பைசா, ரெண்டு பைசா, மூணு பைசா, அஞ்சு பைசா எல்லாம் வந்து, எல்லாம் போயிருச்சு. 2011 ஜூன் 30-லேர்ந்து 25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ளதும் செல்லாதுன்னு சட்டப்படியே சொல்லியாச்சு. நாலணாவுக்காக யாரும் உண்ணாவிரதம் இருக்கலை. அதே மாதிரி இதுவும் போகட்டுமேங்கிறது அவங்க வாதம். விலைவாசி ஏற ஏற அடிமட்டக் காசு உதிரத்தான் செய்யும், நியாயம்தான்.

ஆனா அந்த நாலணா எப்படிப் போச்சுன்னு பாக்கணும். கனடாவுல ஒரு சென்ட்டை 2012 மே மாசம் அடிக்கிறதை நிறுத்தி, 2013 பிப்ரவரி 4-லேர்ந்து கடைகளுக்கு விநியோகத்தையும் நிறுத்தினாங்க. கூடவே ஒரு முறையும் சொன்னாங்க. பில்லோட மொத்தத் தொகையை மட்டும்தான் பக்கத்து அஞ்சு சென்ட்டுக்கு மாத்தணும். 1.02 வந்தா 1 டாலர், 1.03 வந்தா 1.05. ஒரு நேரம் கடைக்காரருக்கு லாபம், ஒரு நேரம் நமக்கு. அட்டையில கட்டினா பைசா சுத்தமா அதே தொகை. டொரண்டோ பக்கம் இருக்குற நம்ம பதிவர்கள் இதை நேர்ல பாத்திருப்பீங்க.

இங்க என்ன நடந்துச்சு? எந்த முறையும் கிடையாது. எவன் கையில கல்லா இருக்கோ அவன் சொன்னதுதான் கணக்கு. மேல ஏத்தத் தெரியும், கீழ இறக்கத் தெரியாது. அமெரிக்காவுலயும் இப்ப அதே கூத்துதான். சில்லறையை எப்படி மாத்தணும்னு நாடு முழுசுக்கும் ஒரு விதி சொல்லாமலேயே காசை நிறுத்திட்டதால கடைக்காரங்க முழிச்சாங்க.

நம்ம 50 பைசா கதை இன்னும் விசேஷம். அது இன்னிக்கும் சட்டப்படி செல்லும். 2011 நாணயச் சட்டப்படி பத்து ரூபாய் வரைக்கும் எட்டணாவாவே கொடுக்கலாம். மதுரையில போய்க் கொடுத்துப் பாருங்க! விளக்குத்தூண்லேர்ந்து கீழமாசி வீதி வரைக்கும் நடந்தாலும் ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. ஆனா சர்க்கார் விலையில மட்டும் அது உயிரோட இருக்கு. ரேஷன் சர்க்கரை 2017 நவம்பர் வரைக்கும் கிலோ 13.50. சென்னையில கேஸ் சிலிண்டர் 2025 ஏப்ரல்ல 868.50. அந்த எட்டணாவை யாரு திருப்பித் தர்றா? சட்டத்துல இருக்கு, விலையில இருக்கு, கையில இல்லை. இப்படி ஒரு காசு இருக்கறதை விடப் போறதே மேல்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். ஒரு ரூபாயை நிறுத்தினா மதுரையில யாருக்கு அடி விழும்?

காய்கறிச் சந்தை, பூக்கடை, டீக்கடை எல்லாம் ஏற்கெனவே அஞ்சு பத்துக்கு மாறியாச்சு. கீரைக்கட்டு, பூ முழம், வடை, எதுவும் இப்ப ஏழு ரூபாய், பதிமூணு ரூபாய்னு விக்கிறதில்லை. அங்க ஒரு ரூபாய் போனா ஒண்ணும் தெரியாது. ஒத்தை ரூபாய்க் கணக்கு இன்னும் இருக்கறது மூணே இடத்துலதான். கம்பெனிக்காரன் விலை அச்சடிச்ச சாமான், மருந்துக்கடை, அப்புறம் சர்க்கார் விலை வைக்கிற பால், பஸ் டிக்கெட் மாதிரியானவை. மூணும் தவிர்க்க முடியாத செலவு. கவனிச்சீங்களா?

ஆவின் பச்சைப் பாக்கெட்டை எடுத்துக்குங்க. 2021-ல லிட்டருக்கு மூணு ரூபாய் குறைச்சப்ப அரை லிட்டர் 22 ரூபாய் ஆச்சு. ஒரு ரூபாய் காசு போயிருச்சுன்னு வச்சுக்குவோம். "ரெண்டு ரூபாய் இருக்கே, 22-க்கு என்ன கஷ்டம்?"னு கேப்பீங்க. கல்லாவுல இருக்குறது ரெண்டும் அஞ்சும் மட்டும்னா, ஒரு ரூபாய் பாக்கி வந்தா எப்படித் தருவாரு? உங்ககிட்ட ரெண்டு ரூபாய் காசு ரெண்டு வாங்கிக்கிட்டு அஞ்சு ரூபாய் தரணும். தினமும் காலையில அஞ்சு மணிக்கு பூத்துல நின்னு இந்த வித்தையெல்லாம் காட்ட முடியுமா? கொஞ்ச நாள்ல ரெண்டு ரூபாயும் தானா ஒதுங்கிரும், எல்லாம் அஞ்சுக்கு மாறிரும். கனடா முறைப்படி 22-ன்னா 20-க்குத் தரணும். நம்ம ஊர்ல 20-க்குத் தருவாங்களா, 25 கேப்பாங்களா? நீங்களே பந்தயம் கட்டிக்குங்க.

25-ன்னா ஒரு அப்பத்தாவுக்கு தினம் மூணு ரூபாய் கூட. வருஷத்துக்கு 1,095 ரூபாய். இந்த ஒரு அப்பத்தா இழக்கறதைச் சர்க்கார் மிச்சம் பிடிக்கணும்னா, காசுக்கு 11 பைசா வீதம் கிட்டத்தட்ட பத்தாயிரம் காசு அடிக்காம இருக்கணும். 2018 கணக்கு இன்னிக்கு ஏறியிருக்கும்பீங்க. சரி, நட்டம் ரெட்டிப்பாவே ஆகட்டும். அப்பவும் ஐயாயிரம் காசு. ஒரே ஒரு கிழவிக்கு! இதுக்குப் பேரு சிக்கனமா? சர்க்கார் சட்டைப்பையில கிழிஞ்சதை அப்பத்தா சுருக்குப்பைத் துணியை வெட்டித் தைக்கிற கதை.

"ஏன் அப்பத்தா காசு கொடுக்கணும்? க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ண வேண்டியதுதானே?" இந்தக் கேள்வியும் வந்துச்சு. மாட்டுத்தாவணியில இளநிக்காரர்கிட்டயே க்யூஆர் அட்டை தொங்குதுதான், ஒத்துக்கறேன். நானும் அப்படித்தான் கட்டறேன். 22-ன்னா 22, பைசா கூடப் போகாது. அதுதான் என் பிரச்சினையே. போன் இருக்கறவன் சரியான விலை கட்டுவான். இல்லாதவன் அஞ்சுக்கு ஏத்திக் கட்டுவான். உசிலம்பட்டியிலேர்ந்து சித்தாள் வேலைக்கு வர்ற அக்கா, மேலூர்லேர்ந்து காய் கொண்டு வந்து தரையில கடை போடுற பெரியம்மா, இவங்க கையிலதான் இன்னும் காசு இருக்கு. காசை ஒழிச்சா இவங்களுக்கு மட்டும் தனியா ஒரு வரி போட்ட மாதிரி.

சில்லறை இல்லாட்டி என்ன ஆகும்னு நமக்கு அனுபவம் இல்லையா என்ன? எங்க ஏரியாவுல ஒரு மருந்துக்கடை. பாக்கி ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய்னா மிட்டாய்தான். ஒரு மாசம் அந்த மிட்டாயை எல்லாம் தின்னாம ஒரு டப்பாவுல சேத்து வச்சேன். 31 சேந்துச்சு. அடுத்த தடவை போனப்ப டப்பாவைக் கல்லா மேல வச்சு, "தம்பி, இதுல முப்பத்தொரு ரூபாய் இருக்கு, கழிச்சுக்க"ன்னேன்.

"அதெல்லாம் ஆகாதுண்ணே, சிஸ்டத்துல ஏறாது" அப்படின்னாரு.

"நீ கொடுக்கும்போது எப்படிப்பா ஏறுச்சு?"

பதில் இல்லை. பின்னாடி நின்ன ஒரு அம்மா மட்டும் சிரிச்சாங்க. மிட்டாயை அவங்க பேரனுக்குக் கொடுத்துட்டு வந்தேன்.

சரி, இத்தனை காசு அடிக்கிறாங்களே, எல்லாம் எங்க போவுது? ரிசர்வ் வங்கி கணக்குல புழக்கத்துல இருக்குற காசுல எண்ணிக்கைப்படி நூத்துக்கு எண்பதுக்கு மேல 1, 2, 5 ரூபாய்கள்தான். ஆனாலும் கல்லாவுல இல்லை. எங்க தூங்குதுன்னு மதுரைக்காரய்ங்களுக்குத் தெரியும்.

முதல்ல செய்முறை. நம்ம பக்கம் காதுகுத்து, கல்யாணம், வசந்த விழான்னு எதுவா இருந்தாலும் 101, 501, 1001-தான். முழு எண்ணுல முடிக்கக்கூடாது, உறவு தொடரணும்னு அந்த ஒத்த ரூவா. மொய்க் கவரே ஒரு ரூபாய் காசை ஒட்டி வச்சுத்தான் விக்கிறாங்க. அப்புறம் சாமிக்கு நேந்துக்கிட்டு மஞ்சத்துணியில முடிஞ்சு வைக்கிற காசு. போய்ச் சேந்தவங்க நெத்தியில வைக்கிறதும் ஒத்த ரூவாதான். வேற எந்தக் காசுக்கும் இந்த மரியாதை இல்லை. சென்ட்டை நிறுத்தினவனுக்கு இந்தத் தலைவலியெல்லாம் கிடையாது. செய்முறை நோட்டுல 505-ன்னு எழுதச் சொன்னா எங்க பெரியப்பா மைக்கைப் பிடுங்கி எறிஞ்சிருவாரு.

அடுத்தது உண்டியல். வீட்டுல புள்ளைங்க உண்டியல், கோயில்ல சாமி உண்டியல். 2022-ல சேலத்துல ஒரு இளைஞர் மூணு வருஷமா ஒரு ரூபாய் காசாவே சேத்து, 2.6 லட்சத்துக்கு பைக் வாங்கினாரு. எண்ணி முடிக்க பத்து மணி நேரம் ஆச்சாம். எல்லாரும் சிரிச்சோம், கைதட்டினோம். ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் காசு மூணு வருஷம் தூங்கிட்டு எழுந்திருச்சுங்கறது எனக்கு அப்ப உறைக்கலை, இப்ப உறைக்குது.

சில காசு தூங்கக்கூட இல்லை, தேசாந்திரம் போயிருச்சு. நம்ம காசு எல்லை தாண்டி பங்களாதேஷுக்குப் போய் சவர பிளேடா மாறுதுன்னு 2007-ல கல்கத்தா பக்கம் பெரிய செய்தி. ஒரு ரூபாய் காசுல அஞ்சாறு பிளேடு தேறுமாம்! 2011-ல வந்த புது ஒரு ரூபாய் 4.85 கிராம்லேர்ந்து 3.79 கிராமா இளைச்சுப் போச்சு. இதுல ஒரு கூத்து பாருங்க. பழைய ஸ்டீல் ஒரு ரூபாயும் 2011 வகை ரெண்டு ரூபாயும் ரெண்டுமே 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். இருட்டுல கண்டக்டர் தடவிப் பாத்தா எது எதுன்னு சாமி வந்துதான் சொல்லணும். கண் தெரியாதவங்க பாடு கேக்கவே வேணாம். அவங்களையும் மனசுல வச்சு 2019-ல புது வரிசை கொண்டு வந்தாங்க, பன்னிரண்டு மூலை இருபது ரூபாய் காசோட. நல்ல காரியம்.

இப்ப நெஜமான வீண் செலவு எதுன்னு சொல்றேன். பத்து ரூபாய் காசு. தமிழ்நாட்டுல, குறிப்பா நம்ம பக்கம், இதை வாங்க ஆளே இல்லைன்னு பல வருஷம் அடம் பிடிச்சாங்க. பத்து கோடு இருந்தா நல்லது, பதினஞ்சு கோடு இருந்தா கள்ளக்காசுன்னு ஒரு புரளி. பதினாலு வடிவமும் செல்லும்னு 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கி அறிக்கையே விட்டுச்சு. கலெக்டர்களும் அப்பப்ப சொன்னாங்க. யாரு கேட்டா? 2022-ல தருமபுரி பக்கம் ஒருத்தர் ஆறு லட்சத்துக்குப் பத்து ரூபாய் காசாவே கொண்டு போய்க் கொட்டி காரு வாங்கினாரு. யாருமே வாங்காததால சின்னப் பசங்க அதை வச்சு விளையாடுறதைப் பாத்து வந்த வேகமாம்.

பத்து ரூபாய் நோட்டு அடிக்க 2021-22 கணக்குப்படி ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. காசுக்கு 5.54. ஒரு காசு ஆறு நோட்டோட ஆயுசைத் தாண்டினாலே சர்க்காருக்கு லாபம். பஸ்லயும் சந்தையிலயும் நோட்டு படுற பாட்டுக்கு அது அசால்ட்டா தாண்டும். ஆனா காசை நாம வாங்க மாட்டோம், பீத்த நோட்டைத்தான் நீவி நீவி வாங்குவோம். அப்ப அந்த 5.54-ம் மூட்டைக்குள்ள கிடக்கும், நோட்டும் திரும்பத் திரும்ப அடிக்கணும். ரெட்டைச் செலவு. ஒரு ரூபாய்க் காசோட 11 பைசாவைப் பாத்து அழறவங்க யாரும் இதைப் பேசறதே இல்லை.

என்கிட்ட கேட்டா (யாரும் கேக்கலை, ஆனாலும் சொல்லுவேன்ல) நாலு காரியம் செய்யணும்.

ஒண்ணு, 50 பைசாவுக்கு மரியாதையா விடை கொடுக்கணும். மொதல்ல எட்டணா வர்ற சர்க்கார் விலைகளைத் திருத்திட்டு, வங்கியில மாத்த நாள் கொடுத்து, அப்புறம் செல்லாதுன்னு சொல்லட்டும்.

ரெண்டு, ஒரு ரூபாயை நிறுத்த வேணாம், அடிக்கிறதைக் குறைக்கலாம். தூங்குறதை எழுப்பினாலே போதும். க்யூஆர் கோடுல காசு கொட்டுற மெஷினை 2023-ல பன்னெண்டு ஊர்ல பரிட்சை பாக்கப் போறதா ரிசர்வ் வங்கி அறிவிச்சுச்சு. நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரான மெஷின். உண்டியலைக் கவுத்தா எண்ணிக் கணக்குல ஏத்துறது. மாட்டுத்தாவணியில ஒண்ணு, பெரியார் பஸ் நிலையத்துல ஒண்ணு வச்சுப் பாருங்க, கூட்டம் அள்ளும்.

மூணு, எந்தக் காசை நிறுத்தறதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி கணக்கு மாத்துற விதியைச் சட்டமாக்கணும். மொத்தத் தொகைக்கு மட்டும், ரொக்கத்துக்கு மட்டும், ஏறவும் வேணும் இறங்கவும் வேணும். கடை வாசல்ல தமிழ்ல எழுதி மாட்டணும்.

நாலு, பத்து ரூபாய் காசை சர்க்கார் பஸ், ரேஷன் கடை, ஆவின் பூத் எல்லாம் தயங்காம வாங்கணும். முக்கியமா, அவங்களே அதைத் திருப்பியும் கொடுக்கணும். கண்டக்டர் கையிலேர்ந்து காசு வர ஆரம்பிச்சா டீக்கடைக்காரர் தானா வாங்குவாரு.

இதையெல்லாம் செஞ்ச பிறகும், நெஜமாவே ஒரு ரூபாய்க்கு வேலை இல்லைன்னு ஒரு நாள் வந்தா, அப்ப நானே சொல்றேன், நிறுத்துங்கன்னு. அன்னிக்கு அப்பத்தாவுக்குப் பால் எத்தனை ரூபாய்னு மட்டும் கேட்டுக்கிட்டு நிறுத்துங்க.

உங்க ஊர்ல எப்படி? பத்து ரூபாய் காசு ஓடுதா? மிட்டாய் வைத்தியம் அங்கயும் உண்டா? கனடா, சிங்கப்பூர் பக்கம் இருக்கறவங்க உங்க கதையையும் சொல்லுங்க. 'ஒரு ரூபாய் ஒழிக' கட்சிக்காரங்களும் தாராளமா வரலாம், கும்மிக்குத் தடையில்லை.

பி.கு: செய்முறைக்கு 500 ஜிபே பண்ணிட்டு, தனியா இன்னொரு தடவை 1 ரூபாய் அனுப்பினவரையும் எனக்குத் தெரியும். ஒத்த ரூவா சாகாதுங்கிற நம்பிக்கை எனக்கு அவராலதான் வந்துச்சு :-)